டிரை பால்கனியில் ஒரு மனுதாரர்

புனே பில்டர்கள் உலகுக்குத் தந்த கொடை டிரை பால்கனி. சமையலறைக்குப் பின்புறம், நாலடிக்கு ஆறடி. வாஷிங் மெஷின், துடைப்பம், காலி சிலிண்டர், போன தீபாவளிக்குக் கட்டிய காகித விளக்கு எல்லாம் அங்கேதான் குடித்தனம். பெயர்தான் டிரை, தரை காய்ந்து நான் பார்த்ததில்லை. கட்டடத்தின் எல்லா டிரை பால்கனிகளும் ஒரே டக்ட்டைப் பார்த்துத் திறந்திருப்பதால், ஏழாம் மாடியில் டம்ளர் விழுந்தால் இரண்டாம் மாடிக்காரர் தன் வீட்டில்தான் விழுந்தது என்று எழுந்து போய்ப் பார்ப்பார். எங்கள் பாணேரில் இன்றைய சதுர அடி விலைக்கு இந்த நாலடி ஆறடி மட்டுமே லட்சங்களில் வரும்.

எங்கள் கட்டடத்தில் அந்த லட்சங்களுக்குள் ஒரு பீகிள் நாய் அடைபட்டிருக்கிறது. பெயர் சிம்பா. முயல் வேட்டைக்காக ஆங்கிலேயர்கள் பெருக்கிய இனம் பீகிள். புதருக்குள் மோப்பம் பிடித்து ஓடும்போது, வெகுதூரத்தில் வருகிற வேட்டைக்காரனுக்கு 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்லக் குரல் வேண்டும். அதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த தொண்டை அது. ஒரு வயல் முழுக்கக் கேட்க வேண்டிய தொண்டையை டக்ட்டின் வாயில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் காலையில் ஹிஞ்சவடிக்கு வேலைக்குக் கிளம்பினால், பாணேர் ரோட்டு நெரிசலில் நீந்தி விளக்கு வைத்த பிறகுதான் வீடு. லிஃப்ட் கதவு மூடும் சத்தம் சிம்பாவுக்குத் தெரியும். அந்தக் கணம் ஆரம்பிக்கும். முதலில் கூப்பிடும் குரைப்பு, விடாமல், மூச்சுவிடாமல். பிறகு நீண்ட ஊளை. பிறகு குக்கர் விசில் போல இடைவெளி விட்டு ஒன்று, இன்னொன்று. வாஷிங் மெஷினின் ஒரு மூலையில் பெயிண்ட் போய்விட்டதை மேல்மாடியிலிருந்து பார்க்கலாம். அது பிறாண்டிய இடம்.

நாய்க்காரரிடம் சண்டைக்குப் போகாதே, சட்டப்படி நட என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். நடந்தால் எங்கெல்லாம் போய்ச் சேரலாம் என்பதைப் பின்னால் வருகிறவர்களின் நன்மைக்காக எழுதிவைக்கிறேன்.

முதல் வாசல் நாய்க்காரருடையது. 'அவன் குரைக்கலை சார், கம்யூனிகேட் பண்றான்.' யாரோடு என்று கேட்கக்கூடாது. அடுத்த கேள்வி அவர் கேட்பது: 'உங்களுக்கு டாக்ஸ் பிடிக்காதா?' இதற்கு உச்ச நீதிமன்றத்தின் மூத்த வழக்கறிஞராலும் பதில் சொல்ல முடியாது. பிடிக்கும் என்றால் 'அப்புறம் என்ன?' பிடிக்காது என்றால் நீங்கள் மனிதரில்லை. பேச்சு முடியும்போது ஒரு தாள் கைக்கு வரும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல். எந்தக் குடியிருப்போர் சங்கமும் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது, பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் முடியாது, குரைப்பதைத் தடைக்குக் காரணமாகக் காட்டவும் முடியாது. அந்த வரிகளில் மஞ்சள் மை பூசியிருக்கும். அதே தாளில், வளர்ப்பவர்கள் தங்கள் நாயால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கியமாக இரவில் அமைதியாக வைத்திருக்க முயல வேண்டும் என்றும் இருக்கிறது. மஞ்சள் மை அதுவரை வரவில்லை, பேனா தீர்ந்திருக்கும்.

இரண்டாவது வாசல் சொசைட்டி ஆபீஸ். எந்த உறுப்பினரும் தன் ஃபிளாட்டில் மற்றவர்களுக்குத் தொல்லை தரும் எதையும் செய்யவோ செய்யவிடவோ கூடாது என்று மகாராஷ்டிரத்தின் மாதிரி துணைவிதிகள் பளிச்சென்று சொல்கின்றன. செக்ரட்டரிக்கும் அது தெரியும். 'எழுத்துல கொடுங்க' என்பார். கொடுத்தால், 'இது மெம்பருக்கும் மெம்பருக்கும் உள்ள விவகாரம், போலீசுக்குப் போங்க' என்பார். எழுத்தில் வாங்கியது ஃபைலுக்கு. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். கையெழுத்துக் கேட்டுப் போனால் அந்த நாற்பது விரலில் ஒன்றுகூடப் பேனாவைப் பிடிக்காது. 'சப்போர்ட் உண்டு, பேரு மட்டும் வேண்டாம்.'

வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டத்தில், இடைச்செருகல் என்று பண்டிதர்கள் ஒதுக்கிவைத்த பகுதியில், ஒரு நாய் மண்டை உடைந்து ராமனின் சபைக்கு வரும். பிச்சையெடுத்துத் திரிந்த அந்தணன் ஒருவன், காரணமில்லாமல் கழியால் அடித்துவிட்டான். ராமன் உடனே விசாரிக்கிறான். என்ன தண்டனை தருவது என்று சபை கையைப் பிசைய, நாயே சொல்கிறது: இவனைக் காலஞ்சரத்து மடத்துக்குத் தலைவனாக்குங்கள். யானைமேல் ஏற்றி அனுப்பிவைக்கிறார்கள். தண்டனைக்குப் பதில் வெகுமதியா என்று வியந்தவர்களுக்கு நாய் விளக்குகிறது: போன பிறவியில் நான் பார்த்த உத்தியோகம் அதுதான், நாயாகப் பிறந்தது அதனால்தான். சேர்மன் பதவிக்கு ஆள் கிடைக்காமல் எங்கள் பொதுக்குழு ஒவ்வோர் ஆண்டும் ஏன் தள்ளிப்போகிறது என்பது இதைப் படித்த பிறகுதான் விளங்கியது. இன்னொன்றும் கவனியுங்கள். அந்த நாயின் புகாருக்கு அன்றைக்கே விசாரணை, அன்றைக்கே தீர்ப்பு. 'எழுத்துல கொடு' என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வாசல் காவல் நிலையம். எந்த நிலையமென்று சொல்லப்போவதில்லை. எல்லா ஊரிலும் அந்த பெஞ்சு ஒன்றுதான். உங்களுக்கு முன்னால் ஆன்லைன் மோசடியில் ஓய்வூதியப் பணத்தைத் தொலைத்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'நாய் குரைக்கிறது சாஹேப்' என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். ஹவல்தார் கெட்டவரல்ல. அனுதாபத்தோடு ஒரே கேள்வி கேட்பார்: 'கடிச்சுதா?'

குரைக்கிற நாய் கடிக்காது என்பது நமக்குப் பழமொழி. பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு அது சட்டம். விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருப்பதற்கான 291ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றால்தான் அசையும். காது உடலுறுப்பில் சேர்த்தியில்லை போலிருக்கிறது. மிச்சம் 292: பொதுத் தொல்லை. பொது என்றால் அக்கம்பக்கத்தில் வசிக்கும் மக்கள் பொதுவாகப் பாதிக்கப்பட வேண்டும். உங்கள் ஒருவர் தலைவலி பொது ஆகாது. சப்போர்ட் உண்டு, பேர் வேண்டாம் என்ற நாற்பது பேரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே பொதுவானாலும் தண்டனை அதிகபட்சம் 1000 ரூபாய் அபராதம். 1860 முதல் 200 ரூபாயாக இருந்ததைப் புதிய சட்டம் கருணையோடு உயர்த்தியிருக்கிறது. அதுவும் 'நான்-காக்னிசபிள்' குற்றம். நடுவரின் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. ஒரு பதிவேட்டில் எழுதி, என்.சி. என்று ஒரு சீட்டைக் கிழித்துத் தருவார்கள். மகாராஷ்டிரத்தில் லட்சோபலட்சம் குடும்பங்களின் பீரோக்களில் சேலைக்கடியில் பத்திரமாக இருப்பது இந்தச் சீட்டுதான். கூடவே மராத்தியில் இலவச ஆலோசனை: 'ஆபாபஸாத் மிடவா.' உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பேசத்தானே போனோம், அங்கேதானே கம்யூனிகேஷன் ஆரம்பித்தது.

மனமிரங்கி ஒரு போலீஸ்காரர் நேரில் வந்தாலும், கீழே நின்று வாட்ச்மேனிடம் உரக்கக் கேட்பார்: 'கம்ப்ளெயிண்ட் பண்ண அண்ணாவோட ஃபிளாட் எது?' புகார் தந்தவரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே என்று நீங்கள் சட்டம் பேசலாம். அது மும்பை குர்லா பகுதியின் வழிபாட்டுத் தல ஒலிபெருக்கிகள் பற்றிய வழக்கு. சிம்பாவுக்கு மதமில்லை.

ஒலிபெருக்கி என்றதும் நினைவுக்கு வருகிறது ஒலி மாசு விதிகள், 2000. இதற்காகத்தானே இருக்கிறது என்று நம்பி நெஞ்சில் கைவைத்துப் படித்தேன். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. நாய் பக்கத்திலிருந்து குரைத்தால் எண்பது, தொண்ணூறு போகும். வழக்கு முடிந்தது என்று துள்ளாதீர்கள். அளவைத் தாண்டினால் போதாது. பத்து டெசிபலாவது கூடுதலாகத் தாண்டினால்தான் புகார் செய்யலாம். சரி, அதையும் தாண்டுகிறது. ஆனால் அந்த அளவு ஒரு நொடியின் அளவல்ல, நேரச் சராசரி. குரைப்புக்கும் குரைப்புக்கும் நடுவே பாவம் அந்த ஜீவன் மூச்சு வாங்குகிறதே, அந்த மௌனமும் சிம்பாவின் கணக்கில் வரவு. விட்டுவிட்டுக் குரைப்பது சட்டம் தெரிந்த நாய். யாரிடம் புகார் செய்வது? விதியின்படி மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத பதவியில் இருக்கிற நியமிக்கப்பட்ட அதிகாரி. ஆணையரின் மேஜையில் பீகிள்.

இரவுக்கென்று அதே விதிகள் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துபவை சில உண்டு: ஒலிபெருக்கி, ஹார்ன், கட்டுமான இயந்திரம், பட்டாசு. நாய் பட்டியலில் இல்லை. தனியார் இடத்தில் இருக்கும் ஒலிச்சாதனமோ ஒலியெழுப்பும் கருவியோ எல்லையில் ஐந்து டெசிபலுக்குமேல் கூடக்கூடாது என்று ஒரு நல்ல விதி இருக்கிறது. சிம்பா ஒரு இசைக்கருவி என்று நிரூபித்தால் இன்றிரவே தீர்ந்துவிடும். சபாக்காரர்கள் யாராவது சான்றிதழ் தந்தால் உபகாரம்.

ஆனால் விதிகளை எழுதியவர்கள் ஈரநெஞ்சுக்காரர்கள். வருடத்தில் பதினைந்து நாள் வரை நள்ளிரவு மட்டும் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ள மாநில அரசு விலக்கு தரலாம். அந்த விலக்கு யாருக்குப் போய்ச் சேருகிறது என்று புனேக்காரரிடம் சொல்ல வேண்டியதில்லை. கணபதி விசர்ஜன ஊர்வலம் 2025இல் முப்பது மணி நேரத்தையும் தாண்டி நடந்தது. லக்ஷ்மி ரோட்டில் எத்தனை டெசிபல் என்று ஒவ்வோர் ஆண்டும் அளப்பதும், மறுநாள் பத்திரிகையில் போடுவதும், மடித்து வைப்பதும் இந்த ஊர் மரபு. ஜன்னல் கண்ணாடி அதிர, இதயநோயாளி காதில் பஞ்சோடு கிடக்க, டிஜே சுவருக்கு முன்னால் ஆடுகிற அதே வார்டு பிரமுகரிடம்தான் நான் நாயைப் பற்றி மனு கொடுக்க வேண்டும். சிம்பாவின் தவறு குரைத்தது அல்ல. ஒரு மண்டல் பதிவுசெய்யாமல், வசூல் ரசீது அடிக்காமல், எம்.எல்.ஏ. படம் போட்ட ஃபிளெக்ஸ் கட்டாமல் குரைத்ததுதான்.

மாநகராட்சியை மறந்துவிட்டேனே. புனேயில் நாய் வளர்க்க உரிமம் கட்டாயம். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், வீட்டு முகவரி கேட்பார்கள், நாயின் புகைப்படம் கேட்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தனியாக அடைத்துவைப்பீர்கள் என்று கேட்க மாட்டார்கள். புகாருக்குப் பலன் உண்டா என்றால், உண்டு, ஹடப்ஸர் குடியிருப்பு ஒன்றில் பார்த்தோம். 2020இல் ஐம்பது பூனைகளாக இருந்தபோதே புகார் செய்தோம் என்றார்கள் அந்தக் குடியிருப்பின் வாசிகள். 2025 பிப்ரவரியில் ஒரே ஃபிளாட்டில் முந்நூறைத் தாண்டி, நாற்றம் மாடி மாடியாக இறங்கிய பிறகு நோட்டீஸ் கொடுத்தார்கள். கணக்கு சுலபம்: ஐம்பதில் புகார், முந்நூறில் நடவடிக்கை. ஒற்றை நாயால் பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்குக் காத்திருக்கலாம்.

மிச்சமிருப்பது சிவாஜிநகர் நீதிமன்றம். தனியார் தொல்லைக்கு உரிமையியல் வழக்குப் போடலாம், நிரந்தரத் தடையாணை கேட்கலாம். சட்டத்தில் சந்தேகமில்லை. உறக்கம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றமே 2012இல் சொல்லியிருக்கிறது, ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் நடுராத்திரி அடித்து விரட்டிய வழக்கில். விருப்பமில்லாத ஒலியைக் கேட்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 2005லேயே சொல்லிவிட்டது. ஆதாரம்? கைபேசியில் பதிவுசெய்த குரைப்பு. அதைத் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். பதிவின் ஹாஷ் எண்ணோடு, ஒரு நிபுணர் கையெழுத்தோடு. ஆக, சிம்பா போட்ட 'லொள்'ளுக்கு ஆதார் எண்ணை விட நீளமாக ஓர் அடையாள எண் கிடைத்துவிடும். அதன் பிறகு வாய்தா. பீகிளின் ஆயுள் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வருஷம். நம் உரிமையியல் வழக்கின் ஆயுள் உங்களுக்குத் தெரியும். தீர்ப்பு வரும் நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, சம்பந்தப்பட்ட நாய் காலமாகிவிட்டதால் வழக்கு பயனற்றுப் போனது என்பார். அதுவே அந்த வழக்கில் நடக்கும் முதல் வேகமான காரியமாக இருக்கும்.

வெறுப்பில் நீங்களும் டக்ட்டில் தட்டைக் கொட்டலாமா என்றால், வேண்டாம். 1893இல் லண்டனில் ஒருவர் செய்து பார்த்தார். பக்கத்து வீட்டில் இசைப் பாடம். எரிச்சலில் சுவரைத் தட்டி, தாம்பாளம் அடித்து, சீட்டியடித்துக் கத்தினார். கிறிஸ்டி எதிர் டேவி என்று அந்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். தடையாணை பாட்டுக்குக் கிடைக்கவில்லை, தாம்பாளத்துக்குக் கிடைத்தது.

நியூசிலாந்தில் 1996இல் போட்ட நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுக்குப் பொருளே குரைக்கும் நாய்தான். அதிகாரி வருவார், விசாரிப்பார், தொல்லையை நிறுத்தச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் தருவார், ஆட்சேபிக்க ஏழு நாள். அவ்வளவே. அவர்கள் மனிதர்களை அதிகம் நேசிப்பவர்களோ நாய்களை அதிகம் வெறுப்பவர்களோ அல்ல. நாய் குரைக்கும், அதற்கு ஓர் ஆள் பொறுப்பு என்ற சாதாரண உண்மையைச் சட்டமாக எழுத அவர்களுக்குக் கூச்சமில்லை. நம்மிடம் தெருநாய்க்கு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பத்துப் பதினோரு நாளுக்குள் ஓர் உத்தரவும் அதைத் திருத்த மூன்று நீதிபதிகளின் இன்னோர் உத்தரவும் போட்டது. தெருவில் இருந்தால் டில்லி வரை போகலாம். வீட்டுக்குள் அடைபட்டால் நாயும் அநாதை, பக்கத்து வீட்டுக்காரனும் அநாதை.

இத்தனை சட்டத்தையும் புரட்டி நான் தேடியது என் காதுக்கு ஒரு பிரிவு. கிடைக்கவில்லை. கிடைத்தது சிம்பாவின் பிரிவு. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11(1), உட்பிரிவு ஜி: வழக்கமாகக் கட்டிவைத்தோ நெருக்கமான இடத்தில் அடைத்தோ வளர்க்கும் நாயை, அதன் சொந்தக்காரர் தக்கபடி நடக்கவும் ஓடவும் விடாமல் அலட்சியம் செய்தால், அது கொடுமை. குற்றம். பொதுவாக விலங்கு என்றுகூட இல்லை. நாய் என்றே எழுதியிருக்கிறது. அறுபது சொச்ச வருஷத்துக்கு முன்னாலேயே டிரை பால்கனியை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

யாரோ அல்ல. இந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி சொன்னதும் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது, 1962இல் விலங்குகள் நல வாரியம் வந்தது, முதல் தலைவர் அவர்தான், தலைமையகம் அப்போது சென்னை. நாய்க்காரர் மஞ்சள் மை பூசி நீட்டுகிற தாளை வெளியிட்டது இதே வாரியம்தான். வாரியத்தின் தாளை ஃபிரேம் போடுகிறவர், வாரியத்தைப் பெற்ற சட்டத்தின் ஒரு வரியைப் படித்திருந்தால் நாயை மாலையில் தரையிறக்கியிருப்பார்.

கோபம் வருவது இங்கேதான். 'அவன் என் குழந்தை' என்கிறார்கள். பிறந்தநாளுக்குத் தொப்பி, தனி இன்ஸ்டாகிராம் கணக்கு, காருக்குப் பின்னால் 'பெட் பேரண்ட்' ஸ்டிக்கர். குழந்தையைப் பத்து மணி நேரம் வாஷிங் மெஷினோடு பூட்டிவிட்டு யாராவது ஹிஞ்சவடிக்குப் போவார்களா? குரைப்பு அதன் குணமல்ல, அதன் மனு. தினமும் தாக்கல் செய்கிறது. சொந்தக்காரர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வதால் அவர் காதுக்கு மட்டும் போவதில்லை. மாலையில் அவர் கதவைத் திறக்கும்போது வாலாட்டுகிறது. 'பாருங்க எவ்வளவு ஹேப்பியா இருக்கான்!' எங்களில் யாருக்கும் அந்த நாய்மேல் வருத்தமில்லை. அந்தக் கட்டடத்தில் பேரைப் போட்டுப் புகார் செய்யும் தைரியம் அதற்கு மட்டும்தான் இருக்கிறது.

அப்படியானால் சிம்பாவின் சார்பில் வழக்குப் போடலாமே என்பீர்கள். போடலாம். கொடுமை நடந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். உட்பிரிவு ஜியும் 'நான்-காக்னிசபிள்' வகை என்பதால் அதே ஹவல்தார், அதே பதிவேடு, அதே சீட்டு, மறுபடி நடுவர். தளராமல் போய், நடுவர் மனமிரங்கி, குற்றம் நிரூபணமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதல் குற்றத்துக்குத் தண்டனை: பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல் அபராதம். 1960இல் ஒரு பவுன் நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. ஐம்பது ரூபாய் என்றால் அரைப் பவுனுக்கு மேல், அன்றைக்கு உறைத்திருக்கும். பவுன் எங்கேயோ போய்விட்டது, பத்து ரூபாய் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. 2022இல் அபராதத்தை உயர்த்த ஒரு திருத்த வரைவைப் போட்டு மக்களின் கருத்தைக் கேட்டார்கள். கேட்டதோடு சரி.

அந்தப் பத்து ரூபாயை நாய்க்காரர் நீதிமன்ற வராந்தாவில் நின்றபடியே கூகுள் பேயில் கட்டிவிடுவார். ஸ்கிராட்ச் கார்டில் பன்னிரண்டு ரூபாய் விழுந்தாலும் விழும்.